பராக்கு

அந்த டயாலிசிஸ் வார்டில் படுத்திருக்கிற எல்லாருக்கும் ஒரு கைதான். இன்னொரு கையை மெஷின் பிடித்து வைத்திருக்கும். ரத்தம் ஒரு குழாய் வழியாக வெளியே போய், சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும் வரைக்கும் அந்தக் கையை அசைக்கக் கூடாது. மிச்சமிருக்கிற கையில் போன். கட்டிலுக்குக் கட்டில் ஒரு சத்தம். ஒருத்தர் கட்சிக்காரர்கள் சண்டை போடுவதைக் கேட்பார், பக்கத்துக் கட்டிலில் யாரோ பூனையைக் குளிப்பாட்டுவார்கள், மூலையில் ஒரு அம்மா சீரியலைப் பார்த்து மூக்கைச் சிந்துவார். சுவரில் யாரும் பார்க்காத டி.வி. தன் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருக்கும்.

மிளகாவுக்கு இதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

மிளகா அந்த வார்டின் மூத்த நர்ஸ். அது அவள் அப்பா வைத்த பட்டப்பெயர். சின்ன வயதில் மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதால் வைத்தது. நாற்பத்தெட்டு வயதிலும் அது மூக்கை விட்டு இறங்கவில்லை. கையெழுத்துப் போடும்போது போனைத் தடவிக்கொண்டிருந்த டாக்டரிடம், "சார், நீங்க அந்தப் படத்துக்கே மருந்து எழுதிக் குடுத்துடுங்க, நான் போய்ப் பேஷண்டைப் பாக்குறேன்" என்று சொன்னவள். டாக்டர் அன்றிலிருந்து அவள் முன்னால் போனை எடுப்பதில்லை.

அப்பா பஸ் டிரைவர். அவருக்கு உலகத்திலேயே பெரிய குற்றம் பராக்கு பார்ப்பது. "ஓட்டுறவன் பராக்கு பார்த்தா உட்கார்ந்திருக்கிறவன் சாவான்" என்பார். சாப்பிடும்போது, ஜெபிக்கும்போது, ரோட்டைக் கடக்கும்போது, எல்லாவற்றுக்கும் அதே பேச்சு. அவரை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்றைக்கு மிளகாவும் அவள் தம்பியும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒரு முடிவு எடுத்தார்கள். ஆண்டவர் கொடுத்த ஆயுசை வேடிக்கை பார்த்துக் கழிப்பதில்லை. அவள் நோயாளிகளிடம் போவாள், அவன் ஊழியத்துக்குப் போவான். அப்போது அவனுக்கு மீசைகூட சரியாக முளைக்கவில்லை. ஆனால் சொன்னபடியே போனான். டயர் கடைக்கு மேலே ஒரு ஹாலைப் பிடித்து, சைக்கிளில் வீடு வீடாகப் போய், படுத்தவர்களை எழுப்பி, சண்டைக்காரர்களைச் சேர்த்துவைத்து, ஒரு சபையைக் கட்டினான். மழையில் நனைந்துகொண்டு போய் ஒரு கிழவருக்கு நகம் வெட்டிவிட்டு வருவான். அந்தக் காலத்தில் மிளகாவுக்குத் தம்பியை நினைத்தால் நெஞ்சு நிமிரும்.

அந்தச் சபைக்கு முதல் முதலில் வந்தவர் கண்ணாடிக்காரர். ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிற தொழில். விரல் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. இப்போது அதே விரல்கள் வீங்கிப்போய், ஒரு நாள் விட்டு ஒரு நாள் மிளகாவின் வார்டில் கிடந்தன. அந்த வார்டிலேயே போன் பார்க்காத ஆள் அவர் ஒருத்தர்தான். வருகிறவர், போகிறவர், யாருக்கு இன்றைக்கு முகம் வாடியிருக்கிறது என்று மனிதர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஊசி குத்தும்போது மிளகா மனதுக்குள் அவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பாள். எல்லோருக்கும் அப்படித்தான் செய்வாள், அது யாருக்கும் தெரியாது. அவருக்கு மட்டும் எப்படியோ தெரிந்துவிடும். "ஆமென்" என்பார் மெதுவாக. பிறகு, "என் ரத்தம் என்னைவிட அதிகமா ஊர் சுத்துதும்மா" என்று சிரிப்பார்.

கொஞ்ச நாளாக அந்தச் சிரிப்பு குறைந்திருந்தது. இருதயம் தளர்ந்துபோயிருந்தது. மெஷினில் போட்டதும் பிரஷர் சரேலென்று இறங்கும். கண் மேலே செருகும். காலைத் தூக்கிவைத்து, சலைன் ஏற்றி, கன்னத்தைத் தட்டித்தான் திரும்பக் கொண்டுவர வேண்டும். கெண்டைக்கால் கட்டையாக இறுகி, வாயைப் பொத்திக்கொண்டு துடிப்பார். மெஷினில் போட்டாலும் வேதனை, போடாவிட்டாலும் மூச்சு முட்டல். டாக்டர் அவர் மனைவியிடம் சுற்றி வளைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

ஒரு நாள் அவர் மிளகாவின் கையைப் பிடித்தார். "உன் தம்பிய ஒரு தடவ வரச் சொல்லும்மா. ஒரு விஷயம் கேக்கணும். தனியா."

"இன்னைக்கே சொல்றேண்ணே."

சொன்னாள். தம்பி போனை எடுக்கவில்லை. குரல் செய்தி அனுப்பினான். "அக்கா, அண்ணனுக்காக ஜெபக் குழுவுல போட்டுட்டேன். சபையே ஜெபிக்குது." அவள் குழுவைத் திறந்து பார்த்தாள். கும்பிட்ட கைகள் வரிசை வரிசையாக வந்து விழுந்திருந்தன. ஒரு கைகூடக் கதவைத் திறந்துகொண்டு வார்டுக்குள் வரவில்லை.

தம்பி இப்போது பழைய தம்பி இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் பேசிய ஒரு நிமிஷ வீடியோ எப்படியோ ஊரெல்லாம் பரவிவிட்டது. அதிலிருந்து தினமும் காலையில் ஒரு நிமிஷம் பேசுகிறான். ஹாலில் கலர் கலராக விளக்கு. மேடைக்குப் பின்னால் கறுப்புத் துணி. மீடியா டீம் என்று சட்டையில் எழுதிப் போட்டுக்கொண்டு ஆட்கள். சைக்கிள் எங்கே போனது என்றே தெரியவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் கண் கீழே போய்ப் போய் வரும், கோழி தீனி பொறுக்குகிற மாதிரி.

"ஊர் உலகத்துக்கெல்லாம் போய்ச் சேர்றான் உன் தம்பி. பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரிக்குத்தான் வழி தெரியல" என்றார் அவள் வீட்டுக்காரர். மிளகா பாத்திரத்தை ஓங்கி வைத்தாள்.

மறுபடி சொன்னாள். மறுபடியும் சொன்னாள். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை தம்பி வந்தான்.

கூடவே கேமராக்காரன் வந்தான். ஒரு முக்காலி, வட்டமாக ஒரு விளக்கு, சட்டைக் காலரில் குத்துகிற மைக். அந்த நேரம் மிளகா கடைசிக் கட்டிலில் மெஷின் அலறியதைப் பார்க்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது கண்ணாடிக்காரரின் கட்டிலைச் சுற்றி வெளிச்சம். தம்பி முழங்காலில் நின்று, அவருடைய வீங்கிய கையைத் தன் ரெண்டு கைக்குள் வைத்து ஜெபித்துக்கொண்டிருந்தான். அழகான ஜெபம். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. கண்ணாடிக்காரர் வெளிச்சத்துக்குக் கண் கூசி முகத்தைத் திருப்பினார். கேமராக்காரன் அவர் தாடையைத் தொட்டு இந்தப் பக்கம் திருப்பிவைத்தான்.

ஜெபம் முடிந்தது. "பாஸ்டர் தம்பி," என்றார் கண்ணாடிக்காரர், "ஒரு விஷயம் உங்ககிட்ட..."

"ஒரு நிமிஷம்ணே." தம்பி கேமராக்காரன் பக்கம் திரும்பினான். "சவுண்டு விழுந்துச்சா? மெஷின் சத்தம் கேக்குதே. கடைசிப் பகுதிய இன்னொரு தடவ எடுத்துக்கலாமா?"

மிளகா போய் அந்த விளக்கின் வயரைப் பிடுங்கினாள்.

"வெளிய போ."

"அக்கா, அனுமதி வாங்கித்தான்..."

"யார் குடுத்தது? இவர் குடுத்தாரா? வாயத் திறந்தவரைக் கைகாட்டி நிறுத்துறியே, நீ இவரைப் பாக்க வந்தியா, இவரை வெச்சு உன்னைக் காட்ட வந்தியா?"

"சத்தம் போடாதக்கா, எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டுமேடா. பாக்கணும்னுதானே லைட்டோட வந்தே?"

வார்டே திரும்பிப் பார்த்தது. சீரியல் அம்மா நிஜமாகவே போனைக் கீழே வைத்துவிட்டார். மூலையில் ஒருத்தர் தன் போனைத் தூக்கி இதைப் படம் பிடிக்கத் தொடங்கினார். மிளகா அவர் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். போன் போர்வைக்குள் போய்விட்டது. தம்பி முகம் சிவந்து, முக்காலியை மடக்கச் சொல்லிவிட்டு நடந்தான். கண்ணாடிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கேட்க நினைத்ததை யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு மிளகாகூடக் கேட்கவில்லை. அவள் தம்பி போன கதவையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் திட்டியதற்காவது அந்த வீடியோ வராமல் இருந்திருக்கலாம். வந்தது. சாயங்காலமே வந்தது. அடியில் உருக்கமான இசை. கண்ணாடிக்காரரின் ஊதிய முகம், மூக்குக் குழாய், ரத்தம் ஓடுகிற குழாய் எல்லாம் பளிச்சென்று.

சனிக்கிழமை அவர் மனைவி மிளகாவுக்குப் போன் பண்ணி அழுதார். அவர்கள் மகள் வேறு ஊரில் நிறைமாசமாக இருந்தாள். அப்பா நிலைமையை அவளிடம் மறைத்துவைத்திருந்தார்கள். பிள்ளை பெற்று எழுந்த பிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்று இருந்தார்கள். யாரோ தோழி ஒருத்தி, 'இது உங்க அப்பாதானே?' என்று அந்த வீடியோவை அவளுக்கு அனுப்பியிருக்கிறாள். "போன்ல கத்துறாம்மா. 'அப்பா சாகப்போறத ஊரே பாட்டுப் போட்டுப் பாக்குது, எனக்கு மட்டும் சொல்லல'ன்னு கத்துறா. யார் சொல்லியும் கேக்காம பஸ் ஏறிட்டா."

மிளகா தம்பிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. அன்று அவள் ஜெபிக்க முழங்கால் போட்டபோது ஆண்டவரிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வரவில்லை. தம்பியிடம் பேசவேண்டியதுதான் வரிசையாக வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னாலேயே ஹாலுக்குப் போனாள். அன்றைக்கு சிலருக்கு ஞானஸ்நானம். மேடையின் ஓரத்தில் பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தார்கள். தொட்டிக்கு மேலேயும் ஒரு கேமரா. ஜனங்கள் வந்து உட்கார்ந்துகொண்டிருந்தார்கள், எல்லார் முகத்திலும் கீழேயிருந்து நீல வெளிச்சம். தம்பி தொட்டிக்குப் பக்கத்தில் நின்று போனில் எதையோ சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த வீடியோவ நீக்கிட்டியா இல்லையா?" என்றாள்.

"அக்கா, இப்ப வேண்டாம். ஆராதனை முடியட்டும்."

"அந்தப் பொண்ணு நிறைமாசத்தோட பஸ்ல வந்துகிட்டிருக்கு."

அவனுக்கு முகம் மாறியது. உண்மையாகவே மாறியது. "தெரியாதுக்கா. சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. சாகலாம்னு முடிவு பண்ணியிருந்த ஒரு பையன் அந்த வீடியோவைப் பாத்துட்டு, 'இந்த மனுஷனே வாழப் போராடுறாரு, நான் ஏன் சாகணும்'னு எழுதியிருக்கான். இப்ப அதை எப்படி எடுக்கச் சொல்ற? ஒரு உயிருக்கா! உனக்குக் கோபப்பட மட்டுந்தான் தெரியும். உன் கோபத்துல யாராவது பிழைச்சிருக்காங்களா?"

ஒரு உயிர் தப்பியது சாதாரண விஷயம் இல்லை. மிளகா கேட்டாள்: "அந்தப் பையன்கிட்ட நீ பேசினியா?"

"பதில் போட்டாச்சு."

"யார் போட்டது?"

"மீடியா டீம்ல..."

"சாகப்போனவன் உனக்கு எழுதியிருக்கான். நீ ஆள் வெச்சுப் பதில் போட்டே. அவனையும் வேடிக்கைதான் பாத்திருக்கே!"

அவன் கண் அந்த நேரம் பார்த்து, பழக்கதோஷத்தில், கையிலிருந்த போனுக்குப் போய்விட்டு வந்தது. அவ்வளவுதான். மிளகா அதைப் பறித்துத் தொட்டிக்குள் போட்டாள்.

தண்ணீருக்குள் அது கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டியபடியே இறங்கி, அடியில் போய்ப் படுத்து, அணைந்தது. முன் வரிசையில் ஒரு குழந்தை மட்டும், "போனுக்கு ஞானஸ்நானம்!" என்று கைதட்டியது. தம்பி மனைவி ஓடி வந்து, "அண்ணி, என்ன இது, பைத்தியமா உங்களுக்கு?" என்றாள். மிளகா படியிறங்கி, டயர் கடை வாசல் வழியாகத் தெருவுக்கு வந்துவிட்டாள். நடக்கும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்படி ஒரு திருப்தி. வீடு வந்து சேர்வதற்குள் அது கசந்துவிட்டது. போன்தான் முழுகியது, வீடியோ எங்கேயும் முழுகவில்லை. அது அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை கண்ணாடிக்காரரை மெஷினில் போட்டாள். ஊசி குத்தினாள், பிளாஸ்திரி ஒட்டினாள், குழாயை மாட்டினாள். கை தன் வேலையைத் தானாகச் செய்தது. மனது டயர் கடை மாடியிலேயே நின்றது. 'யாராவது பிழைச்சிருக்காங்களான்னு கேட்டானே, அப்ப இதைச் சொல்லியிருக்கணும், அதைச் சொல்லியிருக்கணும்.' ஒவ்வொரு பதிலும் முந்தினதைவிடக் கூர்மையாக வந்தது. கண்ணாடிக்காரர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். மெதுவாக, மூச்சு வாங்கி வாங்கி, ரொம்ப நேரமாக. "ம்ம்" என்றாள். "ஆமாண்ணே" என்றாள்.

"செய்வியாம்மா?"

"செய்யறேண்ணே."

அவர் கண்ணை மூடினார். முகத்தில் ஒரு நிம்மதி. கொஞ்ச நேரத்தில் மெஷின் அலறியது. பிரஷர் பாதாளத்துக்குப் போய்விட்டது. காலைத் தூக்கினார்கள், சலைன் ஏற்றினார்கள். வழக்கமாகத் திரும்பி வருகிறவர் அன்றைக்கு வரவில்லை. ஐ.சி.யூ.வுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். தள்ளுவண்டியோடு ஓடும்போது அவர் மனைவி மிளகாவைப் பிடித்துக்கொண்டார். "உங்ககிட்டதான் ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருந்தாரே, என்னம்மா சொன்னாரு?"

மிளகாவுக்கு ஒரு வார்த்தைகூட ஞாபகம் வரவில்லை.

ஒரு வார்த்தை! செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறாள், எதைச் செய்வதாக என்று தெரியவில்லை. கையில் போன் இல்லை, காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை, அவருக்கு ஒரு முழம் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குத் தன்னைத்தானே அறைந்துகொள்ள வேண்டும்போல இருந்தது. துணி வைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, மடித்துவைத்த போர்வைகளைக் குத்தினாள். தம்பியைத் திட்டுவதற்கு வைத்திருந்த வார்த்தைகள் ஒன்று விடாமல் அவளுக்கே பொருந்தின.

மறுநாள் அவருக்கு நினைவு திரும்பியது. வேலை முடிந்ததும் மிளகா ஐ.சி.யூ.வுக்குள் போனாள். மாஸ்க்குக்கு உள்ளே மூச்சு புகை மாதிரி படிந்து படிந்து கலைந்தது. குனிந்து அவர் காதோரம் சொன்னாள். "அண்ணே, நேத்து நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழல. நான் பக்கத்துல நின்னேனே தவிர, என் தம்பிகூட மனசுக்குள்ள சண்டை போட்டுக்கிட்டிருந்தேன். தெரியாமலேயே செய்றேன்னு சொல்லிட்டேன்."

கண்ணாடிக்காரர் அவளையே பார்த்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரித்தார் என்பது அவளுக்கு அப்புறம்தான் புரிந்தது. மாஸ்க்கை நகர்த்திவிட்டு, "நீயுமா?" என்றார்.

பிறகு சொன்னார். ரெண்டே வாக்கியம்.

மிளகா யூனிபார்மோடு நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி மனைவி கதவைத் திறந்து, உர்ரென்று வழிவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் அரிசி டப்பா, அதற்குள் ஈரம் இழுக்கப் பாதி புதைத்த போன். தம்பி அதன் முன்னால் துக்கவீட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"மன்னிப்புக் கேக்க வந்தியா?"

"இல்ல. அது அப்புறம். கண்ணாடிக்காரண்ணன் உன்கிட்ட என்ன கேக்க நினைச்சார்னு சொல்ல வந்தேன்."

அவன் நிமிர்ந்தான்.

"'மெஷினை நிறுத்திடுங்கன்னு நானே சொன்னா அது பாவமா? பாஸ்டர்கிட்டக் கேட்டு என் பொண்டாட்டிகிட்ட அவர் வாயால சொல்லச் சொல்லு.' இதான். இதுக்குத்தான் அவர் உன்னை அத்தனை தடவ கூப்பிட்டது. நீ சவுண்டு விழுந்துச்சான்னு பாத்துக்கிட்டிருந்த. என்கிட்டச் சொன்னாரு, நான் உன்னைத் திட்ட வார்த்தை தேடிக்கிட்டிருந்தேன். ஒரு மனுஷன் சாவைப் பத்திக் கேக்குறாருடா, ரெண்டு பேர்ல ஒருத்தருக்கும் காது இல்ல!"

தம்பி அரிசி டப்பாவை மெதுவாகத் தள்ளிவைத்தான். "எனக்குப் பதில் தெரியாதுக்கா."

"தெரியாதுன்னு போய்ச் சொல்லு. நேர்ல போய்ச் சொல்லு."

"நான் வந்தா அவங்க பொண்ணு செருப்பால அடிப்பா."

"அடிச்சா வாங்கிக்கோ."

கண்ணாடிக்காரரின் மகள் அடிக்கவில்லை. ஆனால் அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று தம்பி பிறகு சொன்னான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி நடையில் நின்றிருந்தவள், அவனைப் பார்த்து, "எங்க உங்க கேமரா? நான் அழுறத எடுக்க வேண்டாமா?" என்று கேட்டாள். அவன் தலைகுனிந்து நின்றான். "நான் செஞ்சது தப்பு. வீடியோவ நீக்கிட்டேன், ஆனா மத்தவங்க எடுத்துவெச்சிருக்கிறதை என்னால அழிக்க முடியல" என்றான். "அப்ப மன்னிப்பை வெச்சு நான் என்ன பண்றது?" என்றாள் அவள். ஆனாலும் அப்பா கேட்டார் என்பதால் வழிவிட்டாள்.

மனைவி, மகள், தம்பி மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மிளகா சுவரோரம் நின்றாள். தம்பி கையில் எதுவும் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"அண்ணே, நீங்க கேட்டதுக்கு எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியல. முதல்ல நீங்க சொல்லுங்க. எதை நினைச்சுப் பயப்படுறீங்க?"

கண்ணாடிக்காரர் மாஸ்க்கை விலக்கி விலக்கிப் பேசினார். "சாவுக்குப் பயமில்ல தம்பி. அவர் முன்னாடி போய் நிக்கும்போது, 'நான் கூப்பிடறதுக்குள்ள ஏன் வந்தே'ன்னு கேட்டுட்டா?"

தம்பி அழுதான். இந்த அழுகைக்கு முகம் கோணிக்கொண்டு போனது, மூக்கு ஒழுகியது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டான். நர்ஸுகள் வந்து போனார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

"அண்ணே," என்றான் கடைசியில், "அந்த மெஷினையும் அவர்தான் குடுத்தாரு. இத்தன நாள் அது உங்களை எங்களோட நிறுத்தி வெச்சிருந்துச்சு. இப்ப அதுவே உங்களைப் போட்டு வதைக்குது, டாக்டரும் இனி இதால பிரயோஜனம் இல்லன்னு சொல்றாரு. கூப்பிடுற குரலைக் கேட்டு எந்திரிக்கிறவன் முந்திக்கிட்டுப் போறவன் இல்ல. கதவுல சாஞ்சு அடைச்சுக்கிட்டு நில்லுன்னு அவர் யார்கிட்டயும் சொல்லல. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். இதுல தப்பு இருந்தா, அங்க வந்து நான் பதில் சொல்றேன்."

அவர் மனைவியிடம் திரும்பி அதையே இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னான். மனைவி புருஷனின் தழும்பு விரல்களைத் தடவிக்கொண்டே கேட்டார். மகள் வயிறு இடிக்கக் குனிந்து அப்பா நெஞ்சில் தலை வைத்தாள். "எனக்குச் சம்மதமில்ல" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா உனக்கு வலிக்கக் கூடாதுப்பா" என்றாள்.

வெளியே வந்ததும் தம்பி அக்காவின் போனைக் கேட்டு வாங்கினான். கேமராக்காரனைக் கூப்பிட்டு, எழுதிய அந்தப் பையனின் நம்பரைத் தேடி எடுக்கச் சொன்னான். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து திரும்பத் திரும்பப் போட்டான். ஒரு வழியாக யாரோ எடுத்தார்கள். "தம்பி, நான் பேசல, நீ பேசு, நான் கேக்குறேன்" என்று அவன் சொல்வது மிளகாவுக்குக் கேட்டது. அவள் அங்கே நிற்காமல் டீ வாங்கப் போனாள்.

கண்ணாடிக்காரரை வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வலிக்கும் மூச்சு முட்டலுக்கும் டாக்டர் மருந்து கொடுத்தனுப்பினார். மிளகா வேலைக்கு முன்னாலும் பின்னாலும் போய் அவருக்கு உடம்பு துடைத்துவிட்டாள். தம்பி தினமும் வந்தான். பழைய சைக்கிளில் இல்லை, அது நிஜமாகவே தொலைந்துபோயிருந்தது, நடந்து வந்தான். அவர் நகத்தை வெட்டிவிட்டான். மகள் கடைசி வரைக்கும் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு காலை நேரத்தில், மனைவி முகம் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணாடிக்காரர் போய்விட்டார்.

மிளகாவின் கோபம் போய்விட்டதா என்றால் போகவில்லை. அந்த வீடியோவை யார் யாரோ வேறு வேறு பாட்டுப் போட்டு இன்னும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி தினசரி ஒரு நிமிஷத்தை நிறுத்தியிருந்தான். "திரும்ப ஆரம்பிப்பேன், ஆனா இப்படி இல்ல" என்றான். "எப்படி?" என்று அவள் கேட்டாள். அதற்கு ஒரு சண்டை நடந்தது. போனைத் தண்ணீரில் போட்டதற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லி வீட்டுக்காரர் சொன்னார். கேட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு. தம்பி மனைவி அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

அடக்கத்தன்று கல்லறையில் கூட்டம். தம்பி சுருக்கமாகப் பேசினான். பெட்டியைக் கயிறு கட்டி இறக்கும்போது மிளகா நிமிர்ந்து பார்த்தாள். குழியைச் சுற்றி அங்கங்கே கைகள் உயர்ந்தன. கைக்குக் கை ஒரு போன். ஒருத்தர் கிட்டத்தில் பிடிக்க வேண்டும் என்று, அள்ளிப்போட வைத்திருந்த மண் குவியல் மேலேயே ஏறி நின்றார். சபைக்காரர்தான். ஜெபக் குழுவில் தினமும் கும்பிட்ட கை அனுப்பியவர். வார்டுக்கோ வீட்டுக்கோ ஒரு நாள்கூட எட்டிப் பார்க்காதவர்.

அவளுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. வார்த்தைகள் வரிசைகட்டி வந்தன. அவரைச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுக்கக் கால் எடுத்துவைத்தாள்.

கண்ணாடிக்காரரின் மனைவி அவள் கையைப் பிடித்தார். "எங்கம்மா போற? எனக்குக் கால் நிக்கல. இரு."

மிளகா அந்த மண் குவியலைப் பார்த்தாள். பல்லைக் கடித்தாள். அந்த அம்மாவின் உடம்பு அவள் மேல் சாய்ந்து கனத்தது. அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். புருஷன் அன்றைக்குக் காலையில் கடைசியாகத் தண்ணீர் கேட்டதை, ஒரு வாய் குடித்துவிட்டு "போதும்" என்றதை, அதை மட்டும் திரும்பத் திரும்ப.

"சொல்லுங்க அண்ணி" என்றாள் மிளகா. "ஒரு வாய் குடிச்சாரு. அப்புறம்?"